பெட்ரோல் முள்ளும் டேங்க் யூனிட்டும்: பாடிப் பட்டறை ஒன்றின் நாட்குறிப்பு

திங்கட்கிழமை

எம்.ஜி.பி. என்பது இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். அவ்வகையில் 1966-ஆம் ஆண்டைச் சேர்ந்த, மேற்கூரையை மடித்துவிடக்கூடிய கார் ஒன்று இன்று சென்னையின் பாடியிலுள்ள பட்டறைக்கு வந்தது. டேங்க் நிரம்பியிருக்கும்போது பெட்ரோல் மீட்டரின் முள் ஒழுங்காகவே நிற்கிறது; பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கியதும் முள் மெல்லச் சரிந்து காலிக் குறியில் படுத்துவிடுகிறது; மறுபடி நிரப்பினால் எழுந்துகொள்கிறது. உரிமையாளர் சொன்ன குறை இவ்வளவுதான் என்றாலும், முள் எந்த இடத்தில் தவறுகிறது என்பதை அவர் கவனித்துச் சொன்னதால் வேலையில் பாதி அப்போதே முடிந்துவிட்டது எனலாம்.

இத்தகைய கார் பாடிக்குப் புதியதாகத் தோன்றலாம். ஆனால் அதன் உறுப்புகள் இப்பகுதியின் கைகளுக்கு அந்நியமானவை அல்ல. எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. என்ஜினும், நம் அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சி.சி. என்ஜினும் பி.எம்.சி. நிறுவனத்தின் ஒரே 'பி' வரிசையில் பிறந்தவை. காரின் டைனமோவும் ஸ்டார்ட்டரும் லூகாஸ் தயாரிப்புகள். அந்த நிறுவனம் டி.வி.எஸ். குழுமத்துடன் இணைந்து 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். பாடியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1962-இல் உருவான சுந்தரம் கிளேட்டன் நிறுவனமும், 1964-இல் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையும் சேர்ந்து, வாகன உதிரிபாகத்தை அளந்து பார்த்து வேலை செய்யும் பழக்கத்தை இரண்டு தலைமுறைகளுக்கு இவ்வட்டாரத்தில் ஊன்றிவிட்டன. இங்குள்ள சிறு பட்டறைகளில் மல்ட்டிமீட்டர் இல்லாத இடம் அரிது.

செவ்வாய்க்கிழமை

பழுது பார்ப்பதற்கு முன் அமைப்பைப் புரிந்துகொள்வது அவசியம். டேங்குக்குள் மிதவை ஒன்று ஒரு கம்பிக் கையின் நுனியில் இருக்கிறது. பெட்ரோல் மட்டம் ஏறி இறங்கும்போது அந்தக் கை அசைந்து, மெல்லிய மின்தடைக் கம்பி சுற்றப்பட்ட பட்டையின் மேல் ஒரு தொடுமுனையை நகர்த்துகிறது. மிதவை, கை, கம்பிச்சுற்று ஆகியவை அடங்கிய இந்த உறுப்பையே மெக்கானிக்குகள் டேங்க் யூனிட் என்கிறார்கள். டேங்க் நிரம்பியிருக்கையில் அதன் மின்தடை சில பத்து ஓம் அளவிலும், காலியாகும்போது ஏறத்தாழ 250 ஓம் அளவிலும் இருக்கும்.

டாஷ்போர்டில் உள்ள ஸ்மித்ஸ் மீட்டருக்குள் காந்தம் கிடையாது. வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு ஒன்றின் மேல் சூடேற்றும் கம்பி சுற்றப்பட்டிருக்கிறது. டேங்க் யூனிட்டின் தடை குறையக் குறைய மின்னோட்டம் கூடி, தகடு சூடாகி வளைந்து, முள்ளை நிறைகுறி நோக்கித் தள்ளுகிறது. சூட்டால் நகர்வதால் முள் நிதானமாகவே ஏறும், நிதானமாகவே இறங்கும்; வளைவுகளில் பெட்ரோல் அலைந்தாலும் முள் ஆடாதது இதனால்தான். பேட்டரியின் அழுத்தம் ஏறி இறங்கினால் கணக்கு தவறிவிடும் என்பதற்காக, மீட்டருக்கு முன்னால் ஸ்டெபிலைசர் எனப்படும் சிறு பெட்டி இருக்கிறது. அது மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பிச் சராசரியாக 10 வோல்ட் அழுத்தத்தைத் தருகிறது.

ஆகவே முள் பொய் சொன்னால் மீட்டர், ஸ்டெபிலைசர், ஒயர், டேங்க் யூனிட், எர்த் ஆகிய ஐந்தில் எதுவும் காரணமாக இருக்கலாம். எதையும் அளக்காமல் முதலில் யூனிட்டை மாற்றிப் பார்ப்போம் என்று தொடங்குவது, கிடைத்தற்கரிய பழைய கார்களின் விஷயத்தில் பொறுப்பற்ற செயல் என்றே கூற வேண்டும். கழற்றும்போது சிதைந்த அசல் பாகம் திரும்பி வருவதில்லை.

புதன்கிழமை

ஸ்டெபிலைசரின் எர்த் விட்டுப்போயிருந்தால் முழு 12 வோல்ட்டும் மீட்டருக்குப் போய் முள் எப்போதும் கூடுதலாகவே காட்டும். இங்கே டேங்க் நிரம்பிய நிலையில் முள் சரியாக நிற்பதால் அந்த ஐயம் எளிதில் நீங்கியது.

அடுத்து, டேங்க் மூடி இறுக்கமாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, யூனிட்டிலிருந்து பச்சையில் கறுப்புக் கோடு போட்ட ஒயர் கழற்றப்பட்டது. லூகாஸ் நிறக் குறியீட்டில் மீட்டரையும் டேங்கையும் இணைக்கும் ஒயருக்கு இதுவே நிறம். பல பட்டறைகளில் அந்த ஒயரை நேராகக் காரின் உடலில் தொட்டுப் பார்ப்பார்கள்; தடையே இல்லாத அந்தப் பாதை மீட்டரின் தகட்டை அளவுக்கு மீறிச் சூடாக்கிவிடும் என்பதால், இங்கே சிறிய மின்தடை ஒன்றின் வழியாக ஒயர் எர்த் செய்யப்பட்டது. ஸ்விட்ச் போட்டதும் பின்புறமிருந்த எஸ்.யூ. பெட்ரோல் மின்பம்பு சில முறை டிக் டிக் என்று தட்டி ஓய்ந்தது. முள்ளோ அவசரமின்றி நிறைகுறிவரை ஏறி நின்றது. மின்தடையைக் கூட்டியபோது முள்ளும் அதற்கேற்ப இறங்கி நடுவில் நிலைத்தது. மீட்டரும் ஒயரும் பழுதற்றவை என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

ஸ்விட்ச்சை அணைத்து, யூனிட்டின் முனையில் ஓம் அளந்தபோது எண் எதுவும் வரவில்லை. டேங்கில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இருந்தது. கம்பிச்சுற்று அந்த இடத்தில் அறுந்திருக்க வேண்டும் அல்லது தொடுமுனை அங்கே படாமல் போயிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை

புதிய யூனிட் வந்து சேர்ந்தது. டேங்கைத் திறப்பதற்கு முன்பே, அதைக் காரின் ஒயரில் இணைத்து, அதன் உடலிலிருந்து தனி எர்த் கொடுத்து, கையால் மிதவையை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்தது இந்த வேலையின் மிகச் சரியான முடிவு. ஒவ்வொரு நிலையிலும் முள் அடங்குவதற்கு அரை நிமிடமேனும் காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் நல்ல யூனிட்டையும் பழுதென்று ஒதுக்கிவிடுவார்கள். மிதவை உச்சியில் நின்றபோது முள் முக்கால் குறியைத் தாண்டவில்லை. இன்று சந்தையில் கிடைக்கும் மறுதயாரிப்பு யூனிட்டுகளில் கையின் வளைவு அசலிலிருந்து வேறுபடுவது பரவலான குறை. டேங்கில் மாட்டிய பின் இது தெரியவந்திருந்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற நேர்ந்திருக்கும்.

சனிக்கிழமை

எம்.ஜி.பி.யில் டேங்க் டிக்கியின் தரைக்குக் கீழே தொங்குகிறது. யூனிட் அதன் மேற்புறத்தில் இல்லாமல் பக்கச் சுவரில் பொருத்தப்பட்டிருப்பதால், பெட்ரோலை வடிக்காமல் கழற்றினால் அது அந்தத் துளை வழியே கொட்டிவிடும். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதுதான் பற்றும். மூடிய டேங்குக்குள் ஆவி அதைவிட அடர்ந்திருப்பதால் யூனிட்டின் சிறு மின்னோட்டம் அங்கே தீங்கு செய்வதில்லை. ஏறக்குறைய காலியான டேங்கைத் திறந்து காற்றுப் புகவிடும் வேளையே பெரும் ஆபத்து. ஆதலால் கார் திறந்த வெளிக்குத் தள்ளப்பட்டது. இருக்கைகளுக்குப் பின்னால் தொடராக இணைந்த இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளின் இணைப்பும் நீக்கப்பட்டது. பெட்ரோல் தகர டின்களில் வடிக்கப்பட்டது. காற்றைவிடக் கனமான ஆவி பள்ளத்தில் தங்கும் என்பதால் சர்வீஸ் குழியின் பக்கமே கார் போகவில்லை.

யூனிட்டைப் பிடித்திருக்கும் பூட்டு வளையம், தீப்பொறி தெறிக்காத பித்தளைத் துண்டால் இடப்பக்கமாகத் தட்டித் திருப்பப்பட்டது. வெளியே எடுத்த பழைய யூனிட்டைப் பார்த்ததும் காரணம் விளங்கிற்று. கம்பிச்சுற்றின் நடுப்பகுதியில் பல ஆண்டுகள் உரசிய தொடுமுனை ஒரு வாய்க்காலையே வெட்டியிருந்தது. அங்கே கம்பி ஓரிடத்தில் அறுந்தும், அதைச் சுற்றிக் கரும்படலம் படிந்தும் கிடந்தது. நிறைகுறிப் பக்கத்துச் சுற்றுகள் மட்டும் பளபளப்புக் குன்றாமல் இருந்தன. மிதவையை ஆட்டிப் பார்த்ததில் உள்ளே பெட்ரோல் புகுந்த ஓசை இல்லை.

கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமோ உப்பி, விரல் பட்ட இடத்தில் கறுப்பாக ஒட்டியது. இதைத் தனியே குறிப்பிட வேண்டும். இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 விழுக்காட்டையும், 2025-இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வெளியே வரும் காரில், சென்னையின் புழுக்கத்தில், டேங்கின் அடியில் நீர் பிரிந்து துரு பிடிக்க இது போதும். இந்தக் காரை வடிவமைத்தவர்கள் இந்த எரிபொருளை மனத்தில் வைத்து ரப்பரைத் தேர்ந்தெடுக்கவில்லை. எனவே எத்தனாலைத் தாங்கும் புதிய வளையமே போடப்பட்டது.

பழைய யூனிட்டின் நிறைகுறிப் பகுதி பழுதடையாததால், அதன் ஓம் அளவே புதிய யூனிட்டுக்கு உரைகல்லாயிற்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து, உச்சியில் பழையது காட்டிய தடையைப் புதியதும் காட்டும்வரை, கம்பிச்சுற்றுக்கு அழுத்தம் போகாதபடி குறட்டால் பிடித்துக்கொண்டு, கை சிறிது சிறிதாக வளைக்கப்பட்டது. பிறகு எர்த் ஒயரின் முனை பச்சைக் களிம்பு போகத் தேய்க்கப்பட்டு இறுக்கப்பட்டது. இந்தக் கார் பாசிட்டிவ் எர்த் முறையில் அமைந்தது, அதாவது பேட்டரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைந்துள்ளது. சூட்டால் இயங்கும் மீட்டருக்கும் பழைய ஸ்டெபிலைசருக்கும் இது ஒரு பொருட்டன்று. பிற்காலத்தில் எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசர் வாங்குபவர்கள் மட்டும் முனைமாற்றத்தைக் கவனிக்காவிட்டால் அது முதல் நொடியிலேயே கருகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை

வடித்த பெட்ரோல் வடிகட்டப்பட்டு, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றப்பட்டது. ஒவ்வொரு முறையும் முள் நின்ற இடம் ஓர் அட்டையில் குறிக்கப்பட்டது; மீதிப் பெட்ரோல் பங்க்கில் அதே கணக்கில் நிரப்பப்பட்டது. 12 கேலன், அதாவது ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும் இந்த டேங்கில் பாதி அளவிலும் அதற்குக் கீழும் முள் சரியாமல் நின்றது. நிரம்பியபோது நிறைகுறியைத் தொட்டது. யூனிட்டின் விளிம்பில் கசிவு இல்லை. அட்டை காரின் கையேட்டுக்குள் வைக்கப்பட்டது.

இத்தகைய கார்களை வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: கழற்றிய பழைய டேங்க் யூனிட்டை இரும்புக் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். தேய்ந்தது கம்பிச்சுற்று மட்டுமே. அதே தடையுள்ள கம்பியைப் புதிதாகச் சுற்றக்கூடிய கைகள் பாடியிலும் அம்பத்தூரிலும் இன்னும் இருக்கின்றன. பெட்ரோலைத் துடைத்து உலர்த்தி, ஓம் அளவுகளை எழுதிய சீட்டுடன் அதைப் பத்திரப்படுத்துங்கள்.