கடல் கடந்து வரும் பவர் பத்திரம்

பத்திரம் எழுதுவதை இனி யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று ஆகிவிட்டது. பதிவுத்துறையின் இணையதளத்திலேயே மாதிரி ஆவணங்கள் கிடைக்கின்றன. பெயர், சர்வே எண், நான்கெல்லை மூன்றையும் மாற்றினால் கிரயப் பத்திரம் தயார். உள்ளூரில் இருப்பவர், தானே வாங்கிய மனையைத் தானே வந்து நின்று விற்கும்போது அது போதும். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சிங்கப்பூரிலும் துபாயிலும் டொராண்டோவிலும் இருந்துகொண்டு ஊரில் உள்ள வீட்டை விற்பவர்களும் அதே மாதிரியைத்தான் அச்செடுக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கு எதற்கு இவ்வளவு ஃபீஸ் என்றும் பத்திரம் எழுதும் எங்களிடம் கேட்கிறார்கள். உரிமையாளர் ஊரில் இல்லாதபோது அவருக்காகப் பேச அந்த இரண்டு பக்கத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை.

அவர்கள் வாழும் நாட்டின் பழக்கம் இதற்கு ஒரு காரணம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடப்பது டோரன்ஸ் முறை. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அதற்கு அரசு பொறுப்பு. நம்முடைய 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிகிறதே ஒழிய உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. விற்பவருக்குச் சொத்தில் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையே அல்ல என்று, தமிழ்நாட்டுப் பதிவு விதிகளின் 55அ(i) விதியை ரத்துசெய்தபோது 2025இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. ஆகவே, கைபேசியில் முப்பது வருட வில்லங்கத்தை இறக்கிப் பார்த்து ‘எல்லாம் க்ளீன்’ என்பது பாதி வேலைதான். பதிவான ஆவணங்கள்தானே வில்லங்கத்தில் வரும்? பதியாத உயில் வராது, வாய்மொழிப் பாகம் வராது. இந்துக் குடும்பத்தில் உயில் எழுதாமல் மகன் இறந்தால் மனைவி மக்களோடு அவனுடைய தாய்க்கும் ஒரு பங்கு உண்டு; அதுவும் எந்த வில்லங்கச் சான்றிலும் தெரியாது. தாய்ப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கையாக இறங்கிவந்து, எந்தக் கையில் யார் விடுபட்டார் என்று பார்ப்பதை மென்பொருளிடம் விட்டுவிட முடியாது.

இதையெல்லாம் விடச் சிக்கல் பிடித்தது பவர் என்னும் அதிகார ஆவணம். வெளிநாட்டில் வசிப்பவர் தரும் அதிகாரம் நோட்டரி, நீதிமன்றம், இந்தியத் தூதரக அதிகாரி போன்றோர் முன் எழுதி உறுதிசெய்யப்பட வேண்டும் என்கிறது பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. இந்தியாவுக்கு வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கூரியர் உறையைக்கூடப் பத்திரப்படுத்தச் சொல்வது அதனால்தான். இவை சடங்கு, செய்துவிடலாம். வாசகத்தில்தான் வினை. அதிகார ஆவணத்தை நீதிமன்றங்கள் எழுத்து எழுத்தாகத்தான் படிக்கும். ‘நிர்வகிக்க’ என்று எழுதினால் விற்க முடியாது. ‘விற்க’ என்று எழுதினால் அடமானம் வைக்க முடியாது. உடன்படிக்கை போட, கிரயம் எழுதிக்கொடுத்துப் பதிவுக்குத் தாக்கல் செய்ய, சுவாதீனம் ஒப்படைக்க, பட்டா மாற்றத்துக்குக் கையெழுத்திட என்று ஒவ்வொன்றையும் பிரித்து எழுத வேண்டும். அதிகாரம் பெறும் ஏஜெண்ட் இருவர் என்றால் ‘சேர்ந்தோ தனித்தனியாகவோ’ என்ற சொற்கள் இல்லாவிட்டால் ஒருவர் கையெழுத்து மட்டும் செல்லுமா என்று வாங்குபவரின் வக்கீல் கேட்பார். கேட்கத்தான் வேண்டும்.

பெயரும் ஒரு தலைவலி. பத்திரத்தில் இனிஷியலோடு நிற்பவர், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராகச் சுமந்துகொண்டிருப்பார். இருவரும் ஒருவரே என்று பவரிலேயே சொல்லாவிட்டால் பதிவு நாளன்று வேலை நின்றுபோகும். அண்ணன் தம்பிகள் மூன்று நாட்டில் இருந்து ஒரே ஏஜெண்டுக்கு எழுதினால், மூன்று பவரிலும் சொத்து விவரம் வரிக்கு வரி ஒத்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் இறந்துவிட்டால் அவர் கொடுத்த அதிகாரம் அன்றோடு தீர்ந்தது. அவருடைய வாரிசுகள் புதிதாக எழுத வேண்டும். ‘ரத்து செய்ய முடியாத பவர்’ என்று தலைப்புப் போட்டால் இதிலிருந்து தப்பிவிடலாம் என்று தொழிலுக்கு வந்த புதுப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்தச் சொத்தில் ஏஜெண்டுக்கே ஒரு நலன் இருந்தால்தான் ஒப்பந்தச் சட்டத்தின் 202ஆம் பிரிவு உதவும், தலைப்பு உதவாது. பவரையே கிரயமாகக் கருதும் பழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2011இல், சூரஜ் லேம்ப் வழக்கில் நிராகரித்த பிறகும் இந்தத் தலைப்பு ஓயவில்லை.

மாதிரியைப் பார்த்து எழுதுவதால் வரும் மற்றச் சேதங்களில் வரியைச் சொல்லலாம். உள்ளூர்க்காரர் விற்றால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் 1 சதவீதம் பிடித்தம். அந்த வாசகத்தையே வெளிநாட்டுக்காரரின் கிரயத்திலும் ஒட்டிவிடுகிறார்கள். அவர் விஷயத்தில் 50 லட்ச வரம்பு கிடையாது, விகிதமும் பல மடங்கு. குறைத்துப் பிடித்தால் வரித்துறை பிடிப்பது வாங்கியவரை. வாங்கும்போதும் இப்படித்தான்: வெளிநாட்டில் குடியிருப்பவர் விவசாய நிலத்தைப் பரம்பரையாகப் பெறலாம், விலைக்கு வாங்கக் கூடாது. ‘மனை’ என்று பத்திரம் சொல்லும், வருவாய்க் கணக்கு இன்னும் நஞ்சை என்றே சொல்லும்.

வங்கியின் வக்கீல்தான் லீகல் பார்க்கிறாரே என்பார்கள். பார்க்கிறார், வங்கியின் கடனுக்காக. விற்பவரின் நலன் அவர் பொறுப்பில் இல்லை. ஒரு டிக்கெட் போட்டு நேரில் வந்து கையெழுத்திடுவதே நல்லது என்றால் மறுக்கமாட்டேன், எங்கள் வருமானம் குறைந்தாலும். வர முடியாதவர்கள்தான் கடைசி வாதத்தை எடுப்பார்கள்: ‘சொந்தத் தம்பிக்குத்தானே பவர் கொடுக்கிறேன், அவனிடம் இவ்வளவு கண்டிப்பு எதற்கு?’ தம்பிக்கும் அந்தக் கண்டிப்பு தேவை. வாங்குபவர் விலைத்தொகை முழுவதையும் விற்பவர் இந்தியாவில் வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கிலேயே நேராகச் செலுத்த வேண்டும், ஏஜெண்ட் தொகை பெற அதிகாரம் இல்லை என்று ஒரு வரி இருந்துவிட்டால், பிற்பாடு எந்த அண்ணியும் அந்தத் தம்பியைப் பார்த்துக் கணக்குக் கேட்க முடியாது. இப்போது என் பார்வைக்கு வரும் பவர்களில் பெரும்பாலும் அந்த வரி இருப்பதில்லை. மாதிரியில் இல்லையாம்.