நீக்குப்போக்கு

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பேருந்தில், தொப்பூர் கணவாய் இறக்கத்தில், சின்ன வயதில் பார்த்த காட்சி இது. ஏழெட்டு லாரிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. எதற்கும் கூண்டு கிடையாது, கதவு கிடையாது, பின்னால் பெட்டி கிடையாது. இரண்டு நீளச் சட்டங்கள், இன்ஜின், சக்கரங்கள், முன்னால் ஒரு முகப்பு மட்டும். பலகை மாதிரி ஏதோ ஒன்றைப் போட்டு அதன்மேல் டிரைவர் உட்கார்ந்திருந்தார். முகத்தைச் சுற்றித் துண்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. "ஓசூர்ல இருந்து வருது. நாமக்கல்லுக்குப் போய்தான் பாடி கட்டுவாங்க" என்றார் அப்பா.

அந்த "பாடி கட்டுறது" என்ன என்று பார்க்கப் போவதற்கு எனக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

நாமக்கல்லில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கோட்டை இருக்கும் அந்த ஒற்றைப் பாறை தெரியும். ஊரை விட்டுத் திருச்செங்கோடு சாலையில் போகப் போக, அதைவிட அதிகமாக லாரிதான் தெரிகிறது. வானம் பார்த்த பூமி இது. மழை கைவிட்ட குடும்பங்கள் லாரியைப் பிடித்துக்கொண்டன. ஓட்டுவதில் தொடங்கி, வாங்குவதற்குப் போய், கடைசியில் கட்டுவதற்கும் வந்தார்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. பஸ் கட்ட வேண்டுமானால் கரூர், போர் போடும் ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு, லாரிக்கும் டேங்கருக்கும் நாமக்கல்.

நான் போன பட்டறையில் அன்று புது வண்டி வேலை இல்லை. கொட்டகை நடுவில் கூண்டைக் கழற்றிய ஒரு பழைய டாடா 4018 நின்றது. அந்தப் பெயரிலேயே கணக்கு இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் டிரெய்லரோடும் சரக்கோடும் சேர்த்து டன். கடைசி இரண்டோடு ஒரு சுழியைச் சேர்த்தால் குதிரைத்திறன். நாற்பது டன், நூற்று எண்பது குதிரை. டிரெய்லர் இழுப்பதற்கென்றே பிறந்த வண்டி. டிரைவராக இருந்து ஓனரானவர் வாங்கிய முதல் வண்டியாம். விற்க மனமில்லாமல் எலும்பு வரை பிரித்துக் கட்டச் சொல்லியிருக்கிறார்.

"ஏனுங் தம்பி, வெயில்ல நிக்கறீங்க? உள்ள வாங்க" என்றார் மேஸ்திரி. அறுபதைத் தாண்டியவர். காதில் பென்சில், இடுப்பில் லுங்கி, கையில் ஒரு நூல்கண்டு. அந்த நூல்தான் அன்றைய முதல் பாடம்.

சட்டத்தின் முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கு ஒரு பையன் நூலைப் பிடித்தான். பிறகு முன் வலதிலிருந்து பின் இடதுக்கு. இரண்டு நீளமும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். "ரெண்டு நூல் தள்ளியிருக்குதுங்க" என்றார் மேஸ்திரி. கையில் பிடித்த நூல் வேறு, வாயில் சொன்ன நூல் வேறு. பட்டறைக் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். இரண்டு நூல் என்றால் கால் அங்குலம். இருபதடி நீளத்தில் கால் அங்குலம் பெரிய விஷயமா என்று கேட்டேன். "டயரைக் கேளுங்க, அது சொல்லும்" என்று கழற்றி வைத்திருந்த டயரைக் காட்டினார். ஒரு பக்கம் மட்டும் செருப்புத் தேய்ந்த மாதிரி தேய்ந்திருந்தது.

சட்டத்தின் ஓரிடத்தில் விரலை வைத்து என்னைக் குனியச் சொன்னார். தலைமுடி அளவுக்கு ஒரு துருக்கோடு. கீழ் விளிம்பில் பழைய வெல்டிங் திட்டு ஒன்றிலிருந்து புறப்பட்டு நடுப்பட்டை நோக்கி ஏறியிருந்தது. வழியில் எங்கோ ஓர் ஊரில், யாரோ அவசரத்தில் ஒரு பிராக்கெட்டை விளிம்போடு வைத்து ஒட்டிவிட்டார்கள். லாரிச் சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் வெல்டு வைக்கக் கூடாது, துளையும் போடக் கூடாது. பளு ஏறி வண்டி வளையும்போது இழுவிசையும் அழுத்தமும் உச்சத்தில் இருப்பது அந்த இரண்டு விளிம்புகளில்தான். எதை மாட்டினாலும் நடுப்பட்டையில் துளைத்து போல்ட்டில்தான் மாட்ட வேண்டும்.

"வண்டி வளையணுமுங்க. நாப்பது டன்னோட ரோட்டுப் பள்ளத்துல இறங்கறப்ப ஒரு பக்கம் முறுக்கும். முறுக்கிட்டுத் திரும்பி வரணும். இங்க வெல்டு வச்சுட்டா அந்த எடம் மட்டும் கல்லு மாதிரி நிக்கும். மத்ததெல்லாம் வளையும், அது வளையாது. அப்ப பக்கத்துல இருக்கறது கிழியும்."

வைத்தியம் எனக்கு விநோதமாகப் பட்டது. பிளவு முடிகிற இடத்தில் இன்னும் ஒரு துளை போட்டார்கள். விரிசலின் கூர்முனையில்தான் விசை குவிகிறது. அந்த முனையை வட்டமாக்கிவிட்டால் விசை பரவிவிடும், விரிசல் அதற்குமேல் நகராது. பிறகு பிளவைக் குடைந்து நிரப்பி, தேய்த்து மட்டமாக்கி, உள்பக்கம் ஓர் இரும்புப் பட்டையை வைத்து நடுப்பட்டையில் போல்ட் போட்டார்கள். அந்தப் பட்டையின் இரண்டு முனைகளையும் நேராக வெட்டாமல் கலப்பைக் கொழுவைப் போலச் சாய்வாக வெட்டியிருந்தார்கள். நேர்வெட்டாக இருந்தால் பட்டை முடியும் கோட்டிலேயே சட்டம் அடுத்து உடையும். பலம் கொடுப்பதைக்கூடப் படிப்படியாகத்தான் கொடுக்க வேண்டும்.

கொட்டகையின் பின்பக்கம் உலை. ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்துத் தரையில் நீளவாரியாக அடுக்கியிருந்தார்கள், பெரியதிலிருந்து சிறியது வரை. பல வருடம் பளு சுமந்ததில் வளைவு படுத்துப்போயிருந்தது. பட்டையை உலையில் வைத்து, செம்பருத்தி நிறம் வந்ததும் இடுக்கியால் இழுத்து, அச்சின்மேல் போட்டு இருவர் மாறி மாறி அடித்தார்கள். வளைவு ஏறியதும் எண்ணெய்த் தொட்டி. புஸ்ஸென்று புகை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்படியே விட்டால் அது கண்ணாடி. கீழே போட்டால் நொறுங்கும். மறுபடி இளஞ்சூட்டில் வைத்தார்கள். கொல்லர் ஒரு மரக்குச்சியை எடுத்துப் பட்டையின்மேல் தேய்த்தார். ஒன்றும் ஆகவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி தேய்த்தார். குச்சியின் நுனி கருகி, பொட்டுப் பொட்டாகப் பொறி பறந்தது. "வந்துருச்சு" என்று வெளியே எடுத்தார். வெப்பமானி எதுவும் அங்கே இல்லை. பதம் என்ற சொல்லைச் சமையலறையில்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். பாகுக்கும் எஃகுக்கும் ஒரே சொல் இருப்பதற்குக் காரணம் அன்றுதான் தெரிந்தது.

டிரெய்லர் வண்டியின் உயிர்நிலை "ஃபிஃப்த் வீல்". நாலு சக்கரக் குதிரை வண்டியின் முன்னச்சு திரும்புவதற்காக அதன்மேல் படுக்கைவசமாக ஒரு வளையம் வைத்திருந்தார்கள். அதுதான் ஐந்தாவது சக்கரம். குதிரை போய்விட்டது, பெயர் லாரிக்கு வந்துவிட்டது. இன்று அது சக்கரமே இல்லை. குதிரை லாடத்தைப் போலப் பின்பக்கம் வாய் பிளந்த கனத்த இரும்புத் தட்டு. டிரெய்லரின் அடியில் தொங்கும் கிங் பின் அந்த வாய்க்குள் நுழைந்ததும் தாடை பூட்டிக்கொள்ளும். பல டிரெய்லர்களில் அந்த பின் 2 அங்குலக் கனம்தான். மொத்தச் சுமையும் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் ஊராகப் போகிறது.

அந்தத் தட்டைப் பொருத்தும் இடத்துக்காக மட்டும் அரை நாள் அளந்தார்கள். பின் அச்சுக்கு நேர் மேலே வைக்காமல் சற்று முன்தள்ளி வைக்க வேண்டும். அப்போதுதான் சுமையில் ஒரு பங்கு முன் அச்சுக்குப் போகும். பின்னால் தள்ளிவிட்டால் முன்சக்கரம் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும், ஸ்டீயரிங் மிதக்கும். அளவுக்கு மீறி முன்னே தள்ளினாலோ முன் அச்சு நசுங்கும். வளைவில் டிரெய்லரின் மூக்கு கூண்டின் முதுகில் இடிக்கும்.

கூண்டு வேலையில்தான் மேஸ்திரியின் குரல் மாறியது. இந்த வண்டியின் பழைய கூண்டு அவரே கட்டியது. மரச்சட்டம், மேலே தகடு, கதவின் உள்பக்கம் பூவேலை. இப்போது அது மூலையில் சாய்ந்து கிடந்தது. கீழ்க்கட்டைகளைக் கையால் பிட்டால் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. புதிய கூண்டு முழுக்க இரும்புக் குழாய்ச் சட்டம். லாரிக் கூண்டும் பெட்டியும் டிரெய்லரும் எப்படி இருக்க வேண்டும் என்று ஏஐஎஸ் 093 என்ற விதித்தொகுப்பு வந்துவிட்டது. கதவின் பூட்டு, சீட்டின் பிடிமானம், படுக்கை என எல்லாவற்றுக்கும் வரைபடம் வேண்டும், ஒப்புதல் வேண்டும். பல சிறு பட்டறைகள் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் மூடிவிட்டன என்றார்கள்.

"கோவம் இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பழைய கூண்டையே பார்த்தார். "மொதல்ல இருந்துச்சுங்க. நம்ம கையி என்ன வேணும்னாலும் செய்யும், இவங்க படம் போட்டுக் காமிக்கறாங்களேன்னு. அப்புறம் நான் கட்டுன வண்டி ஒண்ணு, முன்னால நின்ன லாரி மேல மோதிப் பட்டறைக்கு வந்துச்சு. கூண்டு இருந்த எடமே தெரியல. டிரைவர் சின்னப் பையன்." அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சட்டம் வளைய வேண்டும், ஆனால் கூண்டு வளையக் கூடாது. எது விட்டுக்கொடுக்கலாம், எது கூடாது என்பதை இந்தத் தொழில் இப்படித்தான் கற்றிருக்கிறது.

ஒரு நாள் பிற்பகலில் டிரைவரை வரவழைத்தார்கள். ஆறடி ஆள். சீட்டில் உட்கார வைத்து, கிளட்ச் மிதிக்கச் சொல்லி, முழங்காலுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் மேஸ்திரி கையை நுழைத்துப் பார்த்தார். "படுக்கை நீளம் பத்துமா கண்ணு?" "காலு மடக்கித்தான் படுப்பேனுங்ணா, பழக்கமாயிருச்சு." "மடக்க வேண்டாம், நீட்டு" என்று டேப்பை எடுத்தார்.

பீகாரிலிருந்து வந்த வெல்டர் பையன்கள் இருவர் படுக்கையின் சட்டத்தைப் புள்ளி வைத்து நிறுத்தினார்கள். அவர்களும் மேஸ்திரியும் பேசிக்கொள்வது பாதி தமிழ், பாதி இந்தி, மீதி விரல். "நூல்" மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது. உள்ளூர்ப் பையன்கள் இந்த வேலைக்கு வருவதில்லை என்றார் மேஸ்திரி. அவருடைய மகனும் வரவில்லை.

பெயின்டர் பெரியவருக்கு இப்போது பாதி வேலை ஸ்டிக்கர் ஒட்டுவதுதான். முன்பக்கம் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. ஒளிரும் பட்டைகளுக்கு நிறம் சட்டப்படி. எஃப்.சி.க்குப் போகும்போது இது இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எட்டு வருடம் தாண்டிய வண்டி வருடா வருடம் போய் நிற்க வேண்டிய தேர்வு அது. ஆனால் நெற்றியில் "முருகன் துணை"யும் ஓனர் மகள்கள் இருவரின் பெயரும் தூரிகையில்தான் எழுதினார்.

வேலை முடிந்த அன்று, இருட்டும் நேரத்தில் டிரெய்லரைப் பூட்டினார்கள். டிரைவர் பின்னால் எடுத்தார். கிரீஸ் பூசிய தட்டின்மேல் டிரெய்லரின் மூக்கு ஏறியது. பட்டறையே அதிரும்படி ஒரு "டக்". மேஸ்திரி அந்தச் சத்தத்தை நம்பவில்லை. டார்ச் அடித்துத் தாடை மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தார். பிறகு இரண்டு காற்றுக் குழாய்கள். ஒன்று பிரேக் மிதிக்கும்போது மட்டும் வேலை செய்யும். மற்றதில் எப்போதும் காற்று இருந்துகொண்டே இருக்கும். அது அறுந்தால் டிரெய்லரின் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். டிரெய்லர் பிரேக் போட்டபடி வண்டியை லேசாக முன்னால் இழுத்துப் பார்த்தார்கள். பூட்டு நின்றது. அதன் பிறகுதான் ஊன்றுகால்களைச் சுழற்றி மேலே ஏற்றினார்கள்.

பட்டறை வாசலில் ஒரு சாக்கடைப் பள்ளம். அதில் வேண்டுமென்றே கோணலாக இறக்கச் சொன்னார். இடது சக்கரம் இறங்கியது. வண்டி ஒரு பக்கம் முறுக்க, டிரெய்லர் அசையாமல் கிடந்தது. தட்டுக்கு மேலே கிரீஸ் பிதுங்கியது. ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி முனகின. மேஸ்திரி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி ஏறி வெளியே வந்து நின்றது.

எல்லோரும் கை துடைக்கத் தொடங்கினார்கள். டிரைவர் கதவைத் திறந்து தயங்கினார். "ண்ணா, சீட்டு ஒரு நாலு நூலு பின்னால போனா நல்லா இருக்குமுங்க."

மணி ஏழரை. வெல்டர் பையன்கள் குளிக்கத் தண்ணீர் பிடித்துவிட்டார்கள். மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரக் கொண்டா" என்றார்.