புகைபோக்கியில் போனது நீராவிதானா?

என் கட்சிக்காரர் களிமண்ணைச் சுட்டு சிமெண்ட் ஆலைக்கு விற்பவர். வாங்கிய ஆலை பணத்தை நிறுத்திவிட்டது. ஒப்பந்தத்தில் ‘கார்பன் உமிழ்வு இல்லாத சுட்ட களிமண்’ என்று இருந்தது. உமிழ்வு இருக்கிறது, பணம் தர முடியாது என்பது அவர்கள் கட்சி. சென்னையில், நடுவர் முன் விசாரணை.

“எங்க புகைபோக்கியில போறது வெறும் நீராவி சார்” என்றார் கட்சிக்காரர். களிமண்ணைப் பொறுத்தவரை அது உண்மை. ஒரு டன் சுத்தமான சுண்ணாம்புக்கல் முழுதாக வெந்தால், எந்த எரிபொருளைப் போட்டாலும், கல்லிலிருந்தே 440 கிலோ கரியமில வாயு கிளம்பும். ஒரு டன் கயோலின் களிமண் விடுவது சுமார் 140 கிலோ நீர். சுண்ணாம்புக்கல்லை வேகவைத்து சிமெண்டுக்கான கிளிங்கர் செய்யும் சூளைக்கு 1450 டிகிரி வேண்டும். களிமண்ணுக்கு 700 முதல் 850 போதும். பாதி கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுண்ணாம்புக்கல் பொடி, மீதி ஜிப்சம் என்பதுதான் சுட்ட களிமண் சேர்க்கும் சிமெண்டின் அறியப்பட்ட கலவை. 2023-இல் இதற்கு ஐ.எஸ். 18189 என்று இந்தியத் தரமும் வந்துவிட்டது. நல்ல சரக்கு. அந்த நம்பிக்கையோடுதான் வழக்கை எடுத்தேன்.

எதிர்த்தரப்புப் பொறியாளர் எங்கள் பச்சைக் களிமண் கட்டி ஒன்றைப் பீங்கான் தட்டில் வைத்து, நீர்த்த அமிலத்தைச் சொட்டு சொட்டாக விட்டார். ஓரத்தில் பட்டாணி அளவு வெள்ளைத் துணுக்கு ஒன்று புசுபுசுவென்று நுரைத்தது. சுக்கான்கல். சூளையில் அதுவும் கரியமில வாயுவைத்தான் விடும். குறுக்கு விசாரணையில் கேட்டேன்: “மீதிக் கட்டி நுரைத்ததா?”

“இல்லை.”

நிம்மதியாக உட்கார்ந்தேன். அப்போது நடுவர் கட்சிக்காரரைப் பார்த்து, “சூளையில என்ன எரிச்சீங்க?” என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். நாங்களே தாக்கல் செய்த ஆவணக் கட்டில் எரிபொருள் பதிவேடு இருந்தது. மாதாமாதம் பெட்கோக் என்னும் பெட்ரோலியக் கரி லோடு. மழைக்காலத்தில் ஈரமண்ணை உலர்த்தவே கூடுதல் லோடு. ஒப்பந்தத்தை நாலு முறை படித்த நான், அந்தக் கேள்வியை ஒருமுறைகூட அவரிடம் கேட்கவில்லை. இன்றும் அது உறுத்துகிறது. கிளிங்கரைவிடப் பல மடங்கு குறைவு என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லியிருக்க வேண்டிய சரக்கை, ‘இல்லாத’ என்ற பொய்யான ஒரு சொல்லைக் காக்கப் போய்த் தலைகுனிய விட்டோம்.

சமரசமானது. பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தோம். புது ஒப்பந்தத்தில் ‘இல்லாத’ என்பதை நானே அடித்தேன். ஒவ்வொரு லோடு சீட்டிலும் இரண்டு கட்டங்கள் சேர்ந்தன: மண்ணின் ஈரம், டன்னுக்கு எரித்த எரிபொருள்.