டிக்கிக்குள் ஒரு விளக்கு

போன மாசியில் ஒரு ராத்திரி மாமியாருக்கு நெஞ்சு வலி. சாவியைத் திருப்பினால் கார் 'டிக்' என்றதோடு சரி! பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

பாட்டரி முனைகளில் பூத்திருந்த பொடியைச் சோடா உப்பு வெந்நீரில் கழுவினோம். புது பாட்டரியும் போட்டோம். எடுக்காமல் நிறுத்திய நாலே நாளில் அதுவும் செத்தது. மெக்கானிக் சார்ஜ் ஏற்றி, மீட்டர் வைத்தார். என்ஜின் ஓடும்போது 14 வோல்ட், ஆல்டர்னேட்டரில் குறையில்லை. "நிறுத்தினப்புறம் எதுவோ கரண்டைக் குடிக்குதுங்க அக்கா" என்றார்.

அன்றிரவு வாசலில் நின்று பார்த்தேன். டிக்கி இடுக்கில் மெல்லிய வெளிச்சம்! "ஏனுங்க, இங்க வாங்க!" என்று கத்தினேன். தேங்காய் மூட்டை ஏற்றி ஏற்றி மூடி சரியாகப் பொருந்தவில்லை. 5 வாட் பல்புதான். ஆனால் ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-அவர் குடிக்கும். எங்கள் பாட்டரியோ 40தான்!

சகோதரிகளே, படுக்குமுன் காஸை மூடினோமா என்று பார்க்கிற நாம், டிக்கியையும் ஒருதரம் அழுத்திப் பார்ப்போமே!