அண்ணாச்சியின் சாவியும் ஐந்து தூக்கும்

போன வாரம் மாட்டுங்காவில் ஒரு சீமந்தம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் (யாரென்று தெரியாது, பெண் வீட்டுக்கு உறவாம்) சாம்பாரில் ஆரம்பித்துப் பாயசம் வரைக்கும் ஒரே விஷயத்தைப் பேசினார். "தீவிரவாதிக்கு எதுக்கு சார் வக்கீல், அப்பீல், கருணை மனு? பிடிச்ச அன்னைக்கே தொங்க விடணும். கசாபுக்கு ஜெயில்ல பிரியாணி போட்டு வளர்த்தானுங்களே!"

பத்து வருடம் முன்னால் என்றால் நான் அவருக்கு மேல் சத்தம் போட்டிருப்பேன். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. திரும்பி வரும்போது டாக்சியில் தங்கமணி கேட்டாள், "என்ன, இந்த விஷயத்துல நீங்க பேசாம இருந்து நான் பார்த்ததே இல்லையே?" சயானில் இருந்து முலுண்டு வருவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பம்பாய்க்கு வந்தது 2003இல். பி.காம். முடித்து, வங்கிப் பரீட்சை எழுதி, சங்கரன்கோவிலில் இருந்து ஒரு சூட்கேஸோடு வந்து இறங்கினேன். ஃபோர்ட் பகுதியில் ஒரு கிளையில் வேலை. இந்தி 'நமஸ்தே'யோடு நின்றுவிடும். வாடிக்கையாளர் ஏதாவது கேட்டால் சிரிப்பேன், அவ்வளவுதான். அந்தக் கிளையில் என்னைக் காப்பாற்றியவர் அண்ணாச்சி. அம்பாசமுத்திரத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பாயந்தரில் வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எனக்கு அங்கேதான். மதினி வைக்கும் சொதிக்காகவே விரார் வண்டியில் தொங்கிக்கொண்டு போவேன்.

வங்கியில் இல்லாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கேஷ் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. இரண்டும் இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மேனேஜரே ஆனாலும், ஒற்றை ஆளை நம்பிப் பெட்டகத்தை விடுவதில்லை. எங்கள் கிளையில் ஒரு சாவி அண்ணாச்சியிடம். சாயங்காலம் பெட்டகத்தைப் பூட்டியதும் சாவியைப் பேன்ட் உள்பையில் போட்டு மேலே ஒரு தட்டு தட்டுவார். இருக்கிறதா என்று பார்க்கிறாராம்.

2006 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை. மறுநாள் ஆடிட்டர் வருகிறார் என்று நான் வவுச்சர்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வழக்கமாக இரண்டு பேரும் சேர்ந்துதான் சர்ச்கேட் வரை நடப்போம். அன்று அவர் மட்டும் கிளம்பினார். "சீக்கிரம் முடிடே, மழ வருது" என்றார்.

அன்று மாலை 6.24க்கும் 6.35க்கும் நடுவே, பதினோரு நிமிஷத்தில், வெஸ்டர்ன் லைனில் ஏழு வண்டிகளில் குண்டு வெடித்தது. எல்லாமே முதல் வகுப்புப் பெட்டிகள். 180 பேருக்கு மேல் போனார்கள். அண்ணாச்சி ஏறிய வண்டியும் அந்த ஏழில் ஒன்று.

செல்போன் எதுவும் வேலை செய்யவில்லை. நானும் கிளையில் இன்னொருவரும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, சுவரில் ஒட்டியிருந்த பட்டியல்களில் தேடினோம். ராத்திரி ரெண்டரைக்குக் கிடைத்தார். எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை எழுத வேண்டாம். உள்பையில் சாவி இருந்தது.

மறுநாள் மும்பை வழக்கம்போல வேலைக்குப் போனது, என்ன ஒரு மனோதிடம் என்று டிவியில் மெச்சினார்கள். எங்கள் கிளையும் திறந்தது. பெட்டகம் திறக்கவில்லை. ஒரு சாவி போலீஸ் பஞ்சநாமாவில் இருந்தது. மாற்றுச் சாவி வேறொரு கிளையில் பத்திரமாக இருக்கும், அதை எழுதிக் கொடுத்து வாங்கி வர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை கவுன்டரில் வந்து நின்றவர்களிடம், "சாவி வச்சிருந்தவர் நேத்து வண்டியில போயிட்டார்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர்கூடக் கோபப்படவில்லை. பேசாமல் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

பிறகு பிஎஃப், கிராஜுவிட்டி, வீட்டுக் கடன், ரயில்வே நஷ்டஈடு என்று மதினி கையெழுத்துப் போட வேண்டிய ஒவ்வொரு காகிதத்தையும் நான்தான் பாயந்தருக்குக் கொண்டுபோனேன். மகளுக்கு அப்போது ஆறு வயது. காகிதத்தில் எங்கே கையெழுத்து என்று நான் பென்சிலில் பெருக்கல் குறி போட்டுக் காட்டுவேன், அவள் அதை எண்ணுவாள்.

இப்போது சொல்லுங்கள், அந்த நிலைமையில் எனக்கு யார் மேல் கருணை வரும்?

2012 நவம்பர் 21 காலையில் எரவாடா சிறையில் கசாபைத் தூக்கில் போட்டபோது எங்கள் கிளையில் இனிப்பு கொடுத்தார்கள், நானும் தின்றேன். 2015 ஜூலை 30 அன்று யாகூப் மேமனை நாக்பூரில் தூக்கிலிட்டார்கள். முந்தைய ராத்திரி உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்து விடியற்காலை மூன்று மணிக்கு மேல் விசாரித்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. 1993இல் 257 பேர் செத்தபோது எந்தக் கோர்ட் ராத்திரியில் முழித்திருந்தது என்று வண்டியில் பேசினேன். 'ரா' உளவுத்துறையில் பெரிய பதவியில் இருந்த பி. ராமன், நம்ம ஊர்க்காரர், மேமனைத் தூக்கில் போடக் கூடாது, அவர் விசாரணைக்கு ஒத்துழைத்தவர் என்று 2007இல் எழுதி வெளியிடாமல் வைத்திருந்த கட்டுரை, அவர் காலமான பிறகு அந்த ஜூலையில்தான் வெளிவந்தது. படித்தேன். படித்துவிட்டு, 'வயசானவர்' என்று தள்ளிவிட்டேன்.

அதே ஜூலை 30 அன்றுதான் ராமேஸ்வரத்தில் அப்துல் கலாமை அடக்கம் செய்தார்கள். ரிமோட்டை அமுக்கி அமுக்கி நாக்பூரையும் ராமேஸ்வரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஆபீஸ் கிளம்பினேன். மரண தண்டனை வேண்டாம் என்று சட்ட ஆணையத்துக்குப் பதில் எழுதியவர்களில் கலாமும் ஒருவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வருடமே செப்டம்பர் 30இல் எங்கள் வழக்கின் தண்டனை வந்தது. 'எங்கள் வழக்கு' என்றுதான் சொல்லிப் பழக்கம். பதின்மூன்று பேர் மேல் வழக்கு. ஒன்பது வருடம் உள்ளே வைத்திருந்துவிட்டு ஒருவரை விட்டுவிட்டார்கள். மிச்சம் பன்னிரண்டில் ஐந்து பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள். அன்று சாயங்காலம் அரை கிலோ பேடா வாங்கிக்கொண்டு பாயந்தர் போனேன். மதினி டப்பாவை வாங்கி அண்ணாச்சி படத்துக்கு முன்னால் வைத்தார். "அஞ்சு பேருக்குத் தூக்கு, மதினி" என்றேன். "சரி தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த வருஷம் பதினஞ்சு ஜி குடுத்தாச்சா? வட்டியில பிடிச்சிருவாங்களோ?" என்று கேட்டார். பேடாவை யாரும் தொடவில்லை.

பத்து வருடம் போயிற்று. 2025 ஜூலை 21, திங்கட்கிழமை. பம்பாய் உயர் நீதிமன்றம் பன்னிரண்டு பேரையும் விடுதலை செய்தது. தூக்குத் தண்டனை பெற்ற ஐந்து பேரும் அதில் அடக்கம். அந்த ஐந்தில் ஒருவர் 2021இலேயே நாக்பூர் சிறையில் கொரோனாவில் செத்துப்போயிருந்தார். செத்த பிறகு நிரபராதி.

எனக்கு வந்தது கோபம்தான். பணம் விளையாடியிருக்கும், அரசியல் என்றெல்லாம் தோன்றியது. அன்று ராத்திரி தீர்ப்பின் விவரங்களைத் தேடிப் படித்தேன், எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கலாம் என்ற நினைப்பில். நான் கிளைகளில் ஆய்வுக்குப் போகிறவன், காகிதம் பார்க்கத் தெரியும். படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்கியது.

எந்த வகைக் குண்டு என்பதையே அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை. குற்றவாளிகளை ஏற்றிச் சென்றதாகச் சொன்ன டாக்சிக்காரர்கள் வாய் திறந்தது நூறு நாளுக்குப் பிறகு. அடையாள அணிவகுப்பை நடத்தியவருக்கு அதை நடத்த அப்போது அதிகாரமே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே அந்த வாக்குமூலங்கள். சாதாரண வழக்கில் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. மோக்கா சட்டத்தில் செல்லும், உயர் போலீஸ் அதிகாரி எழுதினால் போதும். வெவ்வேறு அதிகாரிகள் வெவ்வேறு ஆட்களிடம் எழுதி வாங்கிய வாக்குமூலங்களில் பகுதி பகுதியாக ஒரே வாசகங்கள் இருப்பதைக் கோர்ட் எடுத்துக் காட்டியது. சித்திரவதை செய்து வாங்கியவை என்ற முடிவுக்கு வந்து ஒதுக்கித் தள்ளியது.

பெட்டகத்து ஞாபகம்தான் எனக்கு வந்தது. பிடித்ததும் போலீஸ், வாக்குமூலம் எழுதியதும் போலீஸ். இரண்டு சாவியும் ஒரே பையில். எங்கள் கிளையில் ஐநூறு ரூபாய் வவுச்சரைக்கூட எழுதியவரே பாஸ் செய்ய முடியாது. ஐந்து பேர் கழுத்துக்கு இந்தக் காகிதம் போதும் என்று நான் பேடா வாங்கியிருக்கிறேன்.

மகாராஷ்டிர அரசு உச்ச நீதிமன்றம் போனது. ஜூலை 24 அன்று, இந்தத் தீர்ப்பை வேறு வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது, ஆனால் வெளியே வந்தவர்கள் திரும்ப ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இவர்கள் செய்யவே இல்லை என்று நான் அடித்துச் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரியாது. அதுதான் விஷயமே. 2015இல் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

இது ஒரு வழக்கு என்றால் சரி, தப்பு நடந்துவிட்டது என்று விட்டுவிடலாம். 2002இல் குஜராத்தில் அக்ஷர்தாம் கோவில் தாக்குதல். அந்த வழக்கில் மூன்று பேருக்குத் தூக்கு, உயர் நீதிமன்றமும் ஆமோதித்தது. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. அன்று தேர்தல் முடிவு நாள், அதனால் நாம் யாரும் கவனிக்கவில்லை. நம்ம ஊர் ராஜீவ் காந்தி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் தடா கோர்ட் 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றத்தில் நின்றது நான்கு தூக்குதான். மூன்று பேருக்கு ஆயுள், 19 பேர் வெளியே. பந்தியில் பேசியவர் சொன்னபடி அப்பீலே இல்லாமல் தொங்கவிட்டிருந்தால்?

இதில் நம்மவர்களிடம் ஒரு வேடிக்கை உண்டு. பேரறிவாளன் 2022இல் விடுதலையானபோது வாட்ஸப்பில் பூங்கொத்து அனுப்பிய அதே சொந்தக்காரர்கள்தான் மேமனுக்குக் கயிறு போதாது என்றவர்கள். பெயரைப் பார்த்துத்தான் நமக்குக் கருணை சுரக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு செத்த போலீஸ்காரர்கள் வீட்டில் கேட்டால் அவர்களுக்கு வேறு கணக்கு இருக்கும். (நானும் யோக்கியன் இல்லை. பேரறிவாளன் விஷயத்தில் 'பாவம் அந்த அம்மா' என்றவன்தான்.)

2015 ஆகஸ்ட் கடைசியில் சட்ட ஆணையம் அறிக்கை கொடுத்தது. மரண தண்டனையை எடுத்துவிடலாம், தீவிரவாதம், நாட்டின் மேல் போர் தொடுப்பது ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று. அன்றைக்கு நான் இதைச் சரியான தீர்வு என்றே நினைத்தேன். இப்போது தலைகீழாகத் தெரிகிறது. யாரையாவது பிடித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி போலீஸுக்கு அதிகம் இருப்பது இந்த வழக்குகளில்தான். தடா, பொடா, மோக்கா என்று சாட்சிய விதிகளைத் தளர்த்தியதும் இவற்றுக்குத்தான். தப்பு நடக்க அதிக இடமுள்ள வழக்குகளைப் பொறுக்கியெடுத்து அங்கே மட்டும் கயிற்றை வைக்கிறோம்.

அப்போ கசாப்? இதைத் தங்கமணியும் கேட்டாள். நியாயமான கேள்வி. கசாப் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. சிஎஸ்டியில் துப்பாக்கியோடு நடந்த படத்தை நாம் எல்லாரும் பார்த்தோம். அன்று தின்ற இனிப்புக்காக நான் இன்றும் வருத்தப்படவில்லை, உண்மையைச் சொல்கிறேன். (அந்த பிரியாணிக் கதை மட்டும் பொய். தான் இட்டுக்கட்டியது என்று அரசு வக்கீலே 2015இல் ஒப்புக்கொண்டார். பந்திக்காரருக்குச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.) ஆனால் கசாபுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி ஒரு சட்டம் எழுத எனக்குத் தெரியவில்லை. கசாப் தீர்ப்பிலும் சந்தேகமில்லை என்றுதான் எழுதினார்கள், அக்ஷர்தாம் தீர்ப்பிலும் அப்படித்தான் எழுதினார்கள். உயிரோடு வைத்தால் காந்தஹார் மாதிரி விமானத்தைக் கடத்தி மீட்டுப் போவார்கள் என்பார்கள். அப்படிப் போன மசூத் அசார் தூக்குத் தண்டனைக் கைதி இல்லை. கயிற்றுக்குப் பயப்படுவார்களா என்றால், கசாபோடு வந்த ஒன்பது பேரும் சாகத் தயாராக வந்தவர்கள்.

விடுதலை செய்தி வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பாயந்தர் போனேன். கையில் ஒன்றும் வாங்கிப் போகவில்லை. மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். கதவைத் திறந்தவள், "சித்தப்பா, அன்னைக்குப் பேடா கொண்டு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள். குத்திக் காட்டவில்லை, சும்மாதான் கேட்டாள். "இருக்கு" என்றேன்.

மதினி அரிசி களைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, "அப்ப பத்தொம்பது வருஷமா நான் யாரையோவா வைஞ்சுக்கிட்டு கெடந்தேன்?" என்று கேட்டார். உச்ச நீதிமன்றம், மேல்முறையீடு என்று ஏதோ சொன்னேன். கேட்டுக்கொண்டார். நிஜமாகச் செய்தவன் எங்கே இருக்கிறானோ என்றேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. உலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஜெயில்ல செத்துப் போனவன் வீட்ல யாரு தம்பி இருக்காங்க?"

பீகார்க்காரர் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொன்னேன்.