விசா கேட்காத வாசல்

1991 தை மாதம். பரிசுக்கு வந்து எட்டு மாதம். லா சப்பலில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. சட்டைப்பையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற கடதாசி. மெட்ரோவில் காவலரைக் கண்டால் கை தானாக அங்கே போகும்.

ஒரு வியாழக்கிழமை, லீவு நாள். சம்பளம் தருவதாக வரச்சொன்ன முதலாளி வரவில்லை. குளிரில் திரும்பி நடந்தேன். எக்கோல் தெருப் பக்கம் ஒரு பழைய கட்டடத்துக்குள் சனம் போய்க்கொண்டிருந்தது. சூட்டுக்காக நானும் பின்னால் போனேன். வாசலில் நின்றவரிடம் கடதாசியை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. மண்டபம் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

உள்ளே கதிரை இல்லை. படியில் இருந்தேன். முன்னால் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பிடிபட்டது ஒரு சொல்தான்: 'எத்தா', அரசு. பெயரும் பிறந்த திகதியும் கேட்கும் படிவங்களில் 'எத்தா சிவில்' என்று கண்ட சொல். சூடு உடம்பில் ஏற நித்திரையாகிவிட்டேன்.

அது கொலேஜ் து பிரான்ஸ் என்று பிறகுதான் அறிந்தேன். 1530இல் மன்னர் முதலாம் பிரான்சுவா தொடங்கியது. அங்கே பதிவு இல்லை, கட்டணம் இல்லை, பரீட்சை இல்லை, பட்டமும் இல்லை. பேராசிரியர் தன் ஆய்வு அப்போது எங்கே நிற்கிறதோ அதைப் பேசுவார். யாரும் வந்து கேட்கலாம். மிஷேல் ஃபூக்கோ பேசிய காலத்தில் கேட்க வந்தவர்கள் அவருடைய மேசையில் கசெற் ரெக்கோடர்களை அடுக்கி வைத்தார்களாம். அந்தப் பதிவுகளிலிருந்தே பின்னர் புத்தகங்கள் வந்தன. இன்று பேச்சுகளை இணையத்தில் காசில்லாமல் கேட்கலாம்.

நான் நித்திரை கொண்ட பேச்சும் புத்தகமாகியது. பியேர் பூர்தியூ 1989 முதல் 1992 வரை அரசு பற்றி ஆற்றிய உரைகள், அவர் இறந்து பத்து ஆண்டுகளின் பின் 2012இல் வெளிவந்தன. சமூகவியல் படித்த என் மகள் அதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தாள். இன்னார் இன்னார்தான் என்று அத்தாட்சிப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு எப்படி வந்தது, அதை நாங்கள் ஏன் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொள்கிறோம் என்று அவர் பேசியதைச் சொன்னாள்.

"அப்பா, நீங்க அப்ப அங்கயே இருந்தனீங்கள்?"

"இருந்தனான். நித்திரை."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் என் சட்டைப்பையில் கிடந்த கடதாசியைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். முதல் வாசலில் என்னை யாரும் மறிக்கவில்லை. மொழி என்ற இரண்டாவது வாசலில் மறிக்க ஆளே தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு லா சப்பலில் எங்கள் நூல் வெளியீடுகளுக்குப் போகும்போது பின்வரிசையைப் பார்க்கிறேன். இங்கே பிறந்த பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு இருப்பார்கள். எங்களுடைய வாசலும் திறந்துதான் கிடக்கிறது. மூன்று மணி நேரம் செந்தமிழில் பேசுகிறோம். பிறகு, இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழில் அக்கறை இல்லை என்கிறோம். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அன்று படியில் நித்திரை கொண்ட என்னைப் பார்த்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இப்போது மகளும் நானும் ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறோம். மாதத்தில் ஒரு நாள் கார் து நோரில் ரயிலேறி அவள் என்னை அங்கே கூட்டிப்போகிறாள். எங்களுடைய கூட்டத்துக்கு நான் அவளைக் கூட்டிப்போகிறேன். அங்கே அவள் என் காதுக்குள் சொல்வாள்; இங்கே நான் அவள் காதுக்குள் சொல்வேன். இரண்டு இடத்திலும் முன்னால் இருப்பவர்கள் திரும்பி முறைக்கிறார்கள். நாங்கள் நிறுத்துவதில்லை.