அக்காவின் பிகாச்சுவும் 32 கிலோபைட்டும்: பழைய கேம் பாய் ஆட்டங்களுக்கு ஒரு புது வீடு!

எங்கள் வீட்டு கேம் பாயில் எனக்கென்று ஒரு சட்டம் இருந்தது. 'ஆடலாம், ஆனா சேவ் பண்ணக் கூடாது.' சட்டம் போட்டவள் அக்கா.

அவள் பக்கமும் நியாயம் உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரிய மாமா 2000-ல் ஊருக்கு வந்தபோது அவளுக்காகக் கொண்டுவந்த கேம் பாய் கலர் அது. கூடவே 'போக்கிமான் யெல்லோ', 'டெட்ரிஸ்' என இரண்டு கார்ட்ரிட்ஜ்கள். போக்கிமானில் ஒரே ஒரு சேவ்தான் வைக்க முடியும். நான் புதிதாக ஆரம்பித்து சேவ் கொடுத்துவிட்டால், அக்கா பார்த்துப் பார்த்து வளர்த்த பிகாச்சு காலி! அதனால் தினமும் முதலிலிருந்து ஆடுவேன். முதல் ஊர், முதல் புல்வெளி, அதிர்ஷ்டம் இருந்தால் முதல் ஜிம். அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார். மறுநாள் மறுபடியும் அதே முதல் ஊர்.

அந்தப் பிகாச்சுவின் உயிர் எங்கே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. கார்ட்ரிட்ஜுக்குள் கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற ஒரு சின்ன பட்டன் பேட்டரி. கேம் பாயை ஆஃப் செய்த பிறகும் சேவ் அழியாமல் காப்பது அதுதான். அது தீர்ந்தால் சேவும் போய்விடும். 25 வருடம் ஓடிய பேட்டரி இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

போன வருடம் யு.எஸ்.பி-யில் செருகும் ஒரு கார்ட்ரிட்ஜ் ரீடர் வாங்கி, லேப்டாப்பில் இணைத்தேன். பேட்டரியில் உயிர் இருந்தது. முழு கேமும் 1 எம்.பி. அக்காவின் சேவ் வெறும் 32 கிலோபைட். காலையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரும் 'குட் மார்னிங்' ரோஜாப்பூ படம் இதைவிடப் பெரிது!

அந்த இரண்டு ஃபைல்களையும் மெமரி கார்டில் போட்டு, இப்போது கிடைக்கும் கையடக்கக் கேம் கருவி ஒன்றில் ஏற்றினேன். எமுலேட்டர் என்பது ஒரு மிமிக்ரி கலைஞர் மாதிரி. பழைய கேம் பாயின் சிப் என்னவெல்லாம் செய்யுமோ, அதையெல்லாம் புதிய கருவியில் அப்படியே செய்து காட்டும் மென்பொருள். கேமுக்கு வித்தியாசமே தெரியாது, தன் பழைய வீட்டில்தான் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அக்காவின் சேவ் ஒரு பக்கம், என்னுடையது இன்னொரு பக்கம். சட்டம் ரத்து! முதல் ஜிம்முக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று 25 வயதில்தான் பார்த்தேன்.

பெங்களூரில் இருக்கும் அக்காவுக்கு இப்போது ரெண்டு வயதில் பையன். அவளுக்குக் கிடைப்பது அவன் தூங்கும் பத்து நிமிடம்தான். சண்டைக்கு நடுவில் போக்கிமான் சேவ் செய்ய விடாது. எமுலேட்டரில் 'சேவ் ஸ்டேட்' என்று ஒன்று உண்டு, எந்த நொடியில் வேண்டுமானாலும் ஆட்டத்தை உறைய வைக்கலாம். பையன் அழுதால் ஒரு பட்டன், அவ்வளவுதான். 'இது அழுகுணி ஆட்டம் இல்லையா?' என்று கேட்பவர்கள் உண்டு. தோற்கும்போதெல்லாம் பின்னால் போய் மாற்றிக்கொண்டால் அழுகுணிதான். குழந்தைக்குப் பால் காய்ச்சப் போவதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

திரைதான் பெரிய லாபம். கேம் பாய் கலரின் திரை ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி அளவு. பின்னால் விளக்கு கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்துதான் ஆடுவோம். அதில் 160-க்கு 144 புள்ளிகள். என் கருவியில் 640-க்கு 480. ஒரு பழைய புள்ளிக்கு ஒன்பது புதிய புள்ளிகள் கச்சிதமாகப் பொருந்தும், ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு மிஞ்சும். அந்தக் கறுப்பையும் நிரப்ப ஆசைப்பட்டு இழுத்தால் எழுத்தெல்லாம் கோணல்மாணலாகிவிடும். செட்டிங்ஸில் 'இன்டிஜர் ஸ்கேலிங்' என்பதை ஆன் செய்துவிடுங்கள்.

இதெல்லாம் சட்டப்படி சரியா? அமெரிக்காவில் சோனிக்கும் கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், எமுலேட்டர் உருவாக்குவதற்காக சோனியின் மென்பொருளைப் பிரதி எடுத்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால், எமுலேட்டர் வேறு, கேம் வேறு. ஆயிரக்கணக்கான கேம்களை நிரப்பி விற்கிறார்களே மெமரி கார்டு, அது நம் ஊர் திருட்டு விசிடியின் தம்பிதான். என்னிடம் இருப்பவை எங்கள் கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்தவை மட்டுமே.

அதே சமயம், காசு கொடுத்து வாங்கலாம் என்றாலும் வழி குறைவு. போக்கிமான் யெல்லோவை 2016-ல் நின்டெண்டோ தன் 3டிஎஸ் கருவிக்கு ஆன்லைனில் விற்றது. 2023 மார்ச்சில் அந்தக் கடையில் விற்பனை நின்றுபோனது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவிகிதம் இப்போது விற்பனையிலேயே இல்லை என்கிறது, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வு. கம்பெனிகளை நம்பிக் காத்திருந்தால், பேட்டரி முந்திக்கொள்ளும்.

அப்பா கதை தனி. டெட்ரிஸ் அவருடையது. கேம் பாய் டெட்ரிஸில் ஸ்கோர் தங்காது, ஆஃப் செய்தால் போச்சு. அதனால், தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஸ்கோரை எழுதி வைப்பார். கண் மங்கியபின் ஆட்டத்தையே விட்டிருந்தார். இப்போது வெளிச்சமான திரையில், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி கட்டைகளை அடுக்குகிறார். "ஸ்கோர் இனி அழியாதுப்பா, இதுலயே இருக்கும்" என்று சேவ் ஸ்டேட்டைக் காட்டினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "அந்தக் காலண்டர் தாளை எடு" என்றார்.